அடைப்புக்குறிக்குள் ஓர் இருமல்

மார்ச் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம். உன் அத்தான் செய்தித்தாளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போன் செய்தால் "ம்", "சரி", "வைக்கிறேன்" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. நாள் முழுக்க போலீஸ் வயர்லெஸ்ஸில் பேசுகிறவனுக்கு வீட்டுப் போன் கசக்கும்தான். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

எனக்கு வேலை மாறியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பாலத்து விசாரணைக் கமிஷனில் தட்டச்சுக்குப் போட்டிருக்கிறார்கள். வெள்ளத்தன்று மதியம் பாலத்தைக் கடக்க வந்தவர்களை யாரோ பெரிய மனிதரின் கார்கள் போவதற்காகத் தடுத்து நிறுத்தினார்களா, நிறுத்தியிருந்தால் யார் உத்தரவு என்பதுதான் கேள்வி. ஒன்பது பேர் தண்ணீரோடு போனார்கள். தடுப்பே போடவில்லை என்று உங்கள் டிபார்ட்மெண்ட் ஒற்றைக்காலில் நிற்கிறது. இதைப் பற்றி என்னிடம் நீ ஒன்றும் கேட்காதே, நானும் சொல்ல மாட்டேன். வேலை எப்படி என்று மட்டும் சொல்கிறேன். சாட்சிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். குரலையும் மாற்றிவிடுகிறார்கள், எல்லோரும் பீப்பாய்க்குள் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். நாங்கள் ஹெட்போனில் கேட்டு அப்படியே அடிக்க வேண்டும். அழுதால் அடைப்புக்குறிக்குள் (அழுகை), தும்மினால் (தும்மல்). இங்கே சொல்வதை வைத்து யாரும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது என்று ஒவ்வொரு சாட்சிக்கும் முதலிலேயே வாக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் போலீஸ்காரர்களே சிலர் வந்து பேசியிருக்கிறார்கள் என்று ஆபீசில் பேச்சு.

இன்று என்னவோ காலையிலிருந்து உன் நினைப்பாகவே இருந்தது. இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீரே குடி. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

குட்டிக்கு அத்தையின் முத்தம்.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

கடிதம் வந்தது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபப்படாதே. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவு திறந்து கிடக்கும் வீடு மாதிரி இருக்கிறாள். உன் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை அத்தானையே பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

எனக்கு இருமல் ஒன்றும் இல்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் நாலைந்து நாள் இருந்தது, போய்விட்டது. அதை நான் உனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம் கேட்டேன், அவளும் சொல்லவில்லையாம். உனக்கு யார் சொன்னது?

இன்னொன்று. குவார்ட்டர்ஸுக்கு வரும் தபால் எல்லாம் ஸ்டேஷன் மேஜைக்கு வந்துதான் எங்களுக்கு வருகிறது. எங்கள் ரைட்டருக்கு அடுத்தவர் உறைமேல் அப்படி ஒரு பாசம். இனிமேல் வீட்டுக்காரி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே எழுது. விலாசம் பின்பக்கம்.

ஓவர்.

தம்பி

*

மார்ச் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "என்ன, யாருக்கு என்ன?" என்றார். முழங்கால் என்று சொல்லிவிட்டேன்.

இருமலை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று எனக்கே தெரியாமல்தான் எழுதினேன். சின்ன வயதில் அப்பாவிடம் ஏதாவது முக்கியமாகச் சொல்லப் போனால் நீ முதலில் மூன்று முறை இருமுவாய், இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. நினைவிருக்கிறதா? இப்போதும் அப்படியேதான் போலிருக்கிறது.

எங்கள் ஆபீசில் ஒரு விதி உண்டு. தெரிந்தவர் குரல் மாதிரிப் பட்டால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்தப் பதிவைப் பக்கத்து மேஜைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். போன கடிதம் எழுதிய அன்று முதல் சில நிமிடம் மட்டும் அடித்து வைத்திருந்த ஒரு பதிவை இன்று காலை அப்படிக் கொடுத்துவிட்டேன். மீதியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இனி என் கடிதங்களில் உன் உடம்பைப் பற்றிக் கேட்க மாட்டேன். கேட்கவில்லையே என்று நினைக்காதே.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்கா,

சுகம். நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். கடைக்கார முதலாளி உன் கடிதத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பத்திரமாகக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர்.

எங்கள் ஊர் நிலவரம் சொல்கிறேன். எங்கள் இன்ஸ்பெக்டரை நாங்கள் மீசை என்று சொல்வோம், உனக்குத் தெரியும். போன வாரம் டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நம்ம கூடவே டீ குடிச்சிட்டு அங்க போய் எவனோ கக்கியிருக்கான். இருக்கட்டும். கமிஷன் பேப்பர் மொத்தமும் நம்ம கைக்கு வரும். அப்ப பாத்துக்கலாம்." நான் டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டே இருந்தேன். எனக்குச் சர்க்கரை போடாத டீ என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அக்கா அங்கதானே டைப் அடிக்கிறாங்க?" என்றார். ஆமாம் என்றேன். "எதாவது சொல்லுவாங்களா?" என்றார். "எங்கக்கா வீட்டுல என்ன சமையல்னுகூட சொல்லாது சார்" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல். எங்கள் ஆட்கள் அந்தப் பதிவுகளைப் பார்க்கக் கூடாது என்று உங்கள் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

ஓவர்.

தம்பி

*

மே 6

தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நீ கேட்டதை நானும் தேடினேன். சட்டப் புத்தகத்தை ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரி வரியாகப் படித்தேன். சாட்சி சொன்னதை அவருக்கு எதிராகக் கோர்ட்டில் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. அவ்வளவுதான். போலீஸ் கேட்டு வாங்கிப் படிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. கோர்ட்டுக்குக் கொண்டுபோகத்தானே கூடாது? மாற்றல் போட, பதவி உயர்வை நிறுத்த, டீ நேரத்தில் ஒருவனை ஓரங்கட்ட கோர்ட் எதற்கு? முன்வாசலில் பெரிய பூட்டைத் தொங்கவிட்டுப் பின்வாசலுக்குக் கதவே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாப்பிடவே இல்லை.

போன திங்கட்கிழமை மீசை சொன்னபடியே நோட்டீஸ் வந்துவிட்டது. வெள்ளத்தன்று வயர்லெஸ்ஸில் பதிவானது காணாமல் போய்விட்டதாம், அதைத் திருடியது யார் என்று துப்பறிய எல்லாச் சாட்சியங்களும் வேண்டுமாம். எங்கள் தலைவர் அம்மா ஓய்வுபெற்ற நீதிபதி, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று வராந்தா முழுக்கக் கேட்டது. "பேச வாங்கன்னு கூப்பிட்டது நான். வாக்குக் குடுத்தது நான். இப்ப எடுத்துக் குடுத்துட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய போவேன்?" என்றார். உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் பார்க்கக் கூடாது, அந்த உத்தரவுக்கு முன்னால் சாட்சியையும் கேட்க வேண்டும், இதுதான் அவர் கேட்பது.

எங்களைக் கூட்டி வைத்து இன்னொன்றும் சொன்னார். "பேரை மறைச்சது சாட்சியோட சொத்து. அவரா எடுத்துச் சொன்னா ஒழிய, நம்ம யாருக்கும் அதைத் தொட உரிமை இல்ல."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. டீயைச் சர்க்கரை இல்லாமலே குடி.

அக்கா

*

ஜூன் 9

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நடுவில் ஒரு அட்டையும் போட்டேன், அதற்கும் இல்லை. கடைக்குப் போன் செய்தால் உன் வீட்டுக்காரி, "அவரு நல்லாதான் இருக்காரு அண்ணி" என்கிறாள். அவள் குரலே நல்லா இல்லை.

சரி, கேள். கோர்ட்டில் போலீஸ் வக்கீல் என்ன சொல்கிறார் தெரியுமா? "பேரு இல்ல, குரல் மாத்தியாச்சு, எண் மட்டும்தான் இருக்கு. நாங்க படிச்சா சாட்சிக்கு என்ன ஆகப்போகுது? யாரு யாருன்னு எவராலும் கண்டுபிடிக்க முடியாதே!" கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது. நீதிபதியும் தலையை ஆட்டினாராம்.

திரும்பி வந்ததும் தலைவர் அம்மா எங்கள் ஆறு பேரையும் உட்காரவைத்துக் கேட்டார்: "உங்கள்ல யாராவது குரல் மாத்தின பிறகும் ஒரு சாட்சிய அடையாளம் கண்டுக்கிட்டீங்களா? யாருன்னு சொல்ல வேண்டாம். ஆமான்னு பிரமாணப் பத்திரம் குடுத்தா போதும், அவங்க வாதம் அங்கயே படுத்துடும்." ஐந்து பேர் இல்லை என்றார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன். என் பதிலுக்காக மட்டும் காத்திருக்கிறார்கள்.

நான் ஆமாம் என்றால், இந்த அம்மாளுக்கு அந்த ஸ்டேஷனில் யாரைத் தெரியும் என்று அடுத்த நிமிடம் கேட்பார்கள். அதற்குத் துப்பறியும் நிபுணர் தேவையில்லை, மீசையே போதும். நான் இல்லை என்றால் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவளாவேன். அதுகூடப் போகட்டும், கட்டு முழுக்க அவர்கள் கைக்குப் போய்விடும். நம்பி வந்து பேசின அத்தனை பேரும் மாட்டுவார்கள். அதில் எனக்கு வேண்டிய ஒருத்தனும் அடக்கம்.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. சின்ன வயதிலிருந்து உனக்கு நான்தான் யோசனை சொல்லியிருக்கிறேன். இப்போது நீ சொல். நான் என்ன செய்ய?

அக்கா

*

ஜூன் 16

அக்கா,

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. குவார்ட்டர்ஸ் கூரை சமையலறையில் மட்டும் ஒழுகுகிறது. குட்டிக்கு ஒரு முன்பல் முளைத்துவிட்டது, தினமும் கண்ணாடியில் அதற்கு வணக்கம் சொல்கிறாள். சைக்கிள் கற்றுக்கொள்கிறாள். விழுந்தால் எங்களைத் திட்டுகிறாள்.

நீ இல்லை என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். ஆமாம் என்று எழுதினால் உன் நாத்தனார் புத்தியை என் வீட்டுக்காரி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதனால் நீ எதுவும் எழுதாதே. உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் இழுத்தடி. முழங்கால் எதற்கு இருக்கிறது?

வழக்கு அன்று முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு போ. கோர்ட்டில் லிஃப்ட் வேலை செய்யாது என்று கேள்வி.

ஓவர்.

தம்பி

*

ஜூன் 29

தம்பிக்கு,

உன்னைக் கோர்ட்டில் பார்த்தபோது ஓடிவந்து நாலு அறை விடலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் போலீஸ்காரர்கள் விடவில்லை. பேசக்கூட விடாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே பேச நினைத்ததை எழுதுகிறேன்.

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். வக்கீல் மறுபடியும் "எவராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று ஆரம்பித்தார். அப்போது எனக்கு முன்னால் யாரோ இருமினார்கள். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. உன் முகத்தைப் பார்க்கும் முன்பே என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ எழுந்தாய். சீருடை இல்லை, குட்டி தேர்ந்தெடுத்த அந்தக் கட்டம் போட்ட சட்டை.

"ஐயா, பதினேழாம் எண் சாட்சி நான்தான். என் பேரை நானே சொல்லலாம்னு கேள்விப்பட்டேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "உங்கள யாராவது மிரட்டினாங்களா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. பீப்பாய்க்குள்ள இருந்து பேசற மாதிரி குரல மாத்தியும் என்னை ஒருத்தங்க கண்டுபிடிச்சிட்டாங்க. எங்க அக்கா. அவங்க அங்க டைப் அடிக்கிறாங்க. எனக்கு இருமல்னு நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா கடுதாசில இருமல் எப்படி இருக்குன்னு கேட்டிருந்தாங்க. அவங்களுக்கே தெரியாம கேட்டிருக்காங்க, ஐயா."

கோர்ட்டே சிரித்துவிட்டது. நீதிபதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்த அக்கா வந்திருக்காங்களா?" என்றார். நான் பட்டையோடு எழுந்து நின்றேன். "உண்மையா?" என்றார். "ஆமாங்க ஐயா" என்றேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி வக்கீலைப் பார்த்து, "பீப்பாய்க்குள்ள உக்காந்து இருமினாகூட ஒரு அக்காவுக்குத் தெரியுது. பத்து வருஷம் கூடவே வேலை பாத்தவங்களுக்குத் தெரியாதா?" என்றார். வக்கீல் தன் காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

நீ பார்க்காதது ஒன்று. உனக்குப் பின்னால் உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். யார் என்று பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன்.

ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அக்கா

*

ஆகஸ்ட் 2

அக்கா,

எல்லோரும் சுகம். நிஜமாகவே.

சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை. நீ ஆமாம் என்று எழுதினாலும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். உன் வேலையும் போகும், யார் அது என்று கேட்டு உன்னைப் பிடுங்கி எடுப்பார்கள். என் பெயரை நானே சொன்னால் ஒரு ஆளோடு முடியும் என்று கணக்குப் போட்டேன். மற்ற சாட்சிகளுக்கெல்லாம் உன்னைப் போல ஒரு அக்கா ஸ்டேஷனிலேயே இருக்கிறாள், சீருடை போட்டுக்கொண்டு. பதிவில் அவர்கள் தும்மினாலே போதும், யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

தீர்ப்பு உனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். தலைவர் அம்மா கேட்டபடியே வந்துவிட்டது. கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் தொடக் கூடாது, சாட்சியைக் கேட்காமல் உத்தரவு கிடையாது, குரல் பதிவு எக்காரணம் கொண்டும் கைமாறாது. ரைட்டர் அதைச் செய்தித்தாளில் சத்தமாகப் படித்தாராம். மீசை அன்று டீ குடிக்க வரவில்லையாம். இதெல்லாம் கேள்விதான், எனக்கு ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதி இல்லை. சஸ்பெண்ட் ஆர்டர் வீட்டுக்கே வந்தது. துறை ரகசியத்தை வெளியே சொன்னதாகக் காரணம். கமிஷனில் சொன்னதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று தலைவர் அம்மா எதிர்த்து எழுதியிருக்கிறார். முடிய வருஷமாகும் என்கிறார்கள்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். காலையில் எழுந்து சீருடையைத் தேடிக் கை போகிறது. வீட்டுக்காரி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "கோர்ட்டுக்கு அந்தச் சட்டையா போட்டுட்டுப் போனீங்க? காலர் கிழிஞ்சிருந்துச்சே!" என்றாள். அதோடு சமாதானம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். சாமான் ஏற்ற ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். பீரோவை நானும் அவளும் வாசல்வரை இழுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். மறுபக்கம் பிடித்தார், வண்டியில் ஏற்றினார், என் தோளில் கையை வைத்தார், போய்விட்டார். எல்லா ஜன்னலும் பார்த்துக்கொண்டிருந்த பட்டப்பகல். யார் என்று எழுத மாட்டேன். ஏன் வந்தார் என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது கண்ணாடிக் கடைக்கு மாடியில் இரண்டு அறை. முதலாளி தன் நண்பரின் ரேடியோ ரிப்பேர் கடையில் பேசிவிட்டிருக்கிறார். வயர்லெஸ்ஸைத் திறந்தவனுக்கு ரேடியோ பெரிய விஷயமில்லை.

நீ இன்னும் என் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. கவனித்தேன்.

ஓவர்.

தம்பி

*

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

நேற்று லீவு போட்டேன். லீவு போட்டுவிட்டு அதே ஆபீசுக்குத்தான் போனேன், ஆனால் முன்வாசல் வழியாக, பார்வையாளர் அறைக்கு. நீ பெயர் சொல்லிவிட்டதால் உன் பதிவு மட்டும் இப்போது திறந்த பதிவு. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நானும் எல்லோரையும் போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இந்த முறை குரலை மாற்றவில்லை.

அன்று மதியம் வயர்லெஸ் அறையில் நீ என்ன செய்தாய் என்று எனக்கு இதுவரை தெரியாது. நீயும் சொன்னதில்லை. தடுப்பைப் போடச் சொன்ன உத்தரவு உன் காதில் விழுந்தது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். "சார், ஆளுங்க நிக்கிறாங்க. குழந்தைங்க இருக்காங்க. தண்ணி ஏறுது. விட்டுடலாமா, ஓவர்" என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய் என்பதும், மறுமுனை பதிலே சொல்லவில்லை என்பதும் நேற்றுத்தான் தெரிந்தது. எத்தனை முறை கேட்டீர்கள் என்று தலைவர் அம்மா கேட்கிறார். "லைன் செத்துப் போற வரைக்கும்" என்கிறாய். ஒவ்வொரு கடிதத்தையும் நீ ஓவர் என்று முடிப்பதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம், அதையும் நீதான் அவரிடம் விளக்குகிறாய்.

பார்வையாளர் அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். காவலாளி வந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்றார். என் தம்பி என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தட்டச்சுப் பிரதியையும் கொடுத்தார்கள். பக்கத்து மேஜைக்காரி நன்றாகத்தான் அடித்திருக்கிறாள், ஒரே ஒரு பிழை. ஆரம்பத்தில் ஒரு (இருமல்) மட்டும் போட்டிருக்கிறாள். மூன்று என்று சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுதானேக்கா" என்றாள். ஒன்றில்லை, மூன்று என்று உட்கார்ந்து திருத்த வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச்சிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கேட்கிறேன். தூக்கம் வருகிறதா? மாடி அறை ஒழுகுகிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வீட்டுக்காரிக்கு முதுகுவலி குறைந்ததா? குட்டிக்கு இரண்டாவது பல் வந்துவிட்டதா? யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

இருமல் எப்படி இருக்கிறது?

ஓவர்.

அக்கா